மூன்று சுண்ணாம்புப் பொட்டு

திருமயம்
5.12.2025

அன்புள்ள விசாலிக்கு,

நீ சொன்னபடி எழுத உட்கார்ந்துவிட்டேன். "போன்ல நீங்க சரி, சரின்னு மட்டும் சொல்றீங்க. எதுக்குச் சரி, எது சரின்னு எனக்கு ஒண்ணும் வெளங்கல. காலேஜ்ல பக்கம் பக்கமா நோட்ஸ் குடுத்தவருதானே, எழுதிப் போடுங்க" என்று நீ சொன்னது நியாயம்தான். போனைக் காதில் வைத்ததும் சொல்ல நினைத்ததெல்லாம் எனக்கு மறந்துபோகிறது.

முதலில் வீட்டுச் செய்தி. இந்த மழைக்குப் பின்கட்டு ஓடு ஒழுகவில்லை. உன் அறையை வாரம் ஒருமுறை திறந்து காற்றாட விடுகிறேன். சர்க்கரை மாத்திரையைத் தவறாமல் போடுகிறேன். சாப்பாட்டுக்காரம்மா புளியைக் கொஞ்சம் அதிகமாகக் கரைக்கிறார். அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மோரை அதிகமாக ஊற்றிக்கொள்கிறேன்.

இன்னொரு செய்தியும் உண்டு. சென்னையிலிருந்து பரிமளா என்று ஒரு பெண் வந்திருந்தார். புத்தகம் போடுகிறவர். நம் மாவட்டத்தில் நான் எடுத்த படங்களை எல்லாம் பார்க்க வேண்டும் என்றார். குடுமியான்மலைக் கல்வெட்டு, சித்தன்னவாசல், நார்த்தாமலை, நம் கோட்டை, அய்யனார் கோயில் மண்குதிரைகள் என்று ஒவ்வொன்றையும் வருட வாரியாக எடுத்துக் காட்டினேன். "நல்லா இருக்கு சார்" என்று நகர்த்திக்கொண்டே வந்தவர், செங்குளப்பட்டிக் கண்மாய்ப் படங்கள் வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அந்த இடம் உனக்குத் தெரியும். இலுப்பூருக்கு அந்தப் பக்கம், கண்மாய்க் கரையை ஒட்டிய பாறை. ஒவ்வொரு தை மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் அதன்மேல் நின்று ஒரே ஒரு படம் எடுக்கிறேன். அதே இடம், அதே லென்ஸ், அதே உயரம். டிரைபாடின் மூன்று கால்கள் நின்ற இடத்தில் சுண்ணாம்பால் மூன்று பொட்டு வைத்துவிட்டு வருவேன். மழையில் கரைந்தாலும் அடுத்த தைக்குக் கொஞ்சம் தடம் மிஞ்சியிருக்கும். அதன்மேல் கால்களை ஊன்றிப் படம் எடுத்துவிட்டு, மறுபடி புதுப் பொட்டு வைப்பேன்.

அந்தப் படங்களை நம் கூடத்தில் வரிசையாகப் பரப்பினோம். ஒரு வருடம் தண்ணீர் கரையைத் தொடுகிறது. ஒரு வருடம் கண்மாய்க்குள் ஆடு மேய்கிறது. பனைகள் ஒவ்வொன்றாகக் குறைகின்றன. தூரத்துக் குன்றின் தோளைக் கல்குவாரி தின்றுகொண்டே வருகிறது. பரிமளா முதல் படத்திலிருந்து கடைசிப் படம்வரை இரண்டு தடவை நடந்து பார்த்தார். பிறகு, "சார், இதுதான் புத்தகம். வர்ற தையோட இருபது படம் ஆகுது. அதையும் எடுத்துக் குடுத்துருங்க. மாசி பிறக்குறதுக்குள்ள வந்தா அச்சுக்கு அனுப்பிரலாம்" என்றார்.

எனக்குத் தயக்கமாகத்தான் இருக்கிறது. நான் கெமிஸ்ட்ரி வாத்தியார். யாரிடமும் முறையாகப் படம் எடுக்கக் கற்றவனில்லை. இந்த வரிசையின் முதல் படமே பிழையானது; கீழ் மூலையில் ஒரு குடை நிழல் விழுந்திருக்கிறது. அதை மட்டும் வெட்டிவிடலாம் என்கிறார் பரிமளா. வெட்டினால் மற்றப் படங்களோடு அளவு சேராது. ஆரம்பமே பிழையாக இருப்பதைப் புத்தகமாகப் போடலாமா?

பங்குனியில் வீட்டைப் பூட்டிக்கொண்டு அங்கு வந்துவிடுவதாக நம் பிள்ளை கணேஷிடம் சொன்னதை மறக்கவில்லை. பேத்திக்கு என் முத்தம்.

உன்,
குமரப்பன்


சிவமயம்

பெங்களூரு
12.12.2025

அன்புள்ள கணேஷ் அப்பச்சிக்கு விசாலி எழுதுவது.

கடிதம் வந்தது. உங்கள் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, "இது பிரிண்டா?" என்று பேத்தி கேட்டாள். இல்லை, உன் ஐயா அப்படித்தான், கோடு போடாத தாளிலும் கோடு போட்ட மாதிரி எழுதுவார் என்றேன்.

புத்தகம் வரப்போகிற செய்தியைப் புளிக்கும் மோருக்கும் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். வேறு யாராவது என்றால் அதைத்தான் முதல் வரியில் எழுதியிருப்பார்கள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. லிஃப்டில் மேல் வீட்டு டாக்டரம்மாவைப் பார்த்ததும், "எங்க வீட்டுக்காரர் எடுத்த படமெல்லாம் புத்தகமா வருது" என்று சொல்லிவிட்டேன். அவர்கள் எந்த ஊர்ப் படம் என்று கேட்டார்கள். புதுக்கோட்டை ஜில்லா முழுக்க என்றேன். ஏழாவது மாடி வருவதற்குள் சித்தன்னவாசல் வரைக்கும் சொல்லி முடித்துவிட்டேன்.

அந்த ஜவுளிக்கடைக் காலண்டரை நான் இன்னும் மறக்கவில்லை. நீங்கள் வெயிலில் காய்ந்து எடுத்த கோட்டைப் படம். கீழே கடை பெயர், முதலாளி பெயர், முதலாளி பிள்ளைகள் பெயர் எல்லாம் இருந்தது. உங்கள் பெயர் மட்டும் இல்லை. நீங்கள் அதையும் வாங்கி வந்து ஆணியில் மாட்டி, "அச்சு நல்லா வந்திருக்கு விசாலி" என்றீர்கள். இந்தத் தடவை பெயர் அட்டையிலேயே வர வேண்டும். எழுத்தும் பெரிதாக இருக்க வேண்டும். பரிமளாவிடம் கேட்க உங்களுக்குக் கூச்சமாக இருந்தால் நம்பரை எனக்கு அனுப்புங்கள்.

இன்னொன்று. அந்தக் குடை என்னுடையது. நம் கணேஷ் கல்யாணத்துக்கு முன்னால், நீங்கள் முதன்முதலில் அந்தப் பாறைக்குப் போனபோது என்னையும் அழைத்துப் போனீர்கள். வெயில் உங்கள் பிடரியில் அடிக்கிறதே என்று பிடித்துக்கொண்டு நின்றேன். கை வலித்தது, சொல்லவில்லை. இத்தனை வருடம் கழித்து அதற்குப் பிழை என்று பேர் வைத்திருக்கிறீர்கள். வைத்துக்கொள்ளுங்கள்.

பங்குனியில் வருகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பேத்தியைப் பார்த்துக்கொள்ள நான் இங்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. போன பங்குனியில் இலுப்பை பூத்துவிட்டது என்றீர்கள். அதற்கு முந்தைய ஆடியில் கோட்டைக்கு மேல் மேகம் நன்றாக இருக்கிறது என்றீர்கள். இந்தப் பங்குனியில் என்ன பூக்கப்போகிறதோ.

தை முதல் ஞாயிறு காலையில் வெறும் வயிற்றோடு பஸ் ஏறாதீர்கள்.

விசாலி


திருமயம்
19.1.2026

அன்புள்ள விசாலிக்கு,

பொங்கலன்று எல்லோரோடும் பேசியது மகிழ்ச்சி. பேத்தி வைத்த கோலத்தின் படத்தைக் கணேஷ் அனுப்பியிருந்தான். வெளிச்சம் சற்றுக் குறைவு, மற்றபடி நன்றாக இருந்தது.

குடை விஷயமாக நான் எழுதியது தவறு. யாருடைய குடை என்று யோசிக்காமல் எழுதிவிட்டேன்.

நேற்று செங்குளப்பட்டிக்குப் போனேன். படம் எடுக்காமல் திரும்பிவிட்டேன். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

இலுப்பூரில் இறங்கி வழக்கம் போல ஆட்டோ பிடித்தேன். செங்குளப்பட்டிப் பாறைக்கு என்றதும் அந்தப் பையன் திரும்பிப் பார்த்து, "சாமி கும்பிடவா சார்?" என்றான். எந்தச் சாமி என்றேன்.

"மூணு பொட்டுச் சாமி, சார். உண்ணாமலைன்னு ஒரு அம்மா. அதோட மருமகன் நாகராசு ஜெகதாப்பட்டினத்துல மீன்புடி போட்டுக்குப் போறவரு. போன ஆடியில எல்லை தாண்டிட்டாங்கன்னு இலங்கை நேவிக்காரங்க கடல்ல புடிச்சிட்டுப் போயிட்டாங்க. இந்தம்மா தெனமும் பாறையில வந்து வெளக்கு ஏத்துச்சு. ஆளு நல்லபடியா திரும்பி வந்துட்டாரு. அதுலருந்து ஊரே வருது. கல்லுல தானா மூணு பொட்டு எழும்பிருக்கு சார், சக்தி."

விசாலி, அந்த மூன்று பொட்டும் என்னுடையவை. போன தையில் நான் வைத்துவிட்டு வந்த சுண்ணாம்பு. இப்போது அதன்மேல் மஞ்சளும் குங்குமமும் பூசியிருக்கிறார்கள். நடுவில் ஒரு செங்கல்லை வைத்து அதன்மேல் அகல் எரிகிறது. பக்கத்தில் ஒரு சின்ன சூலம், ஒரு செவ்வந்தி மாலை. பெண்கள் சிலர் பொங்கல் பானையை இறக்கிக்கொண்டிருந்தார்கள். நான் பையைத் திறக்காமல் கொஞ்ச தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, வந்த ஆட்டோவிலேயே திரும்பிவிட்டேன். "அதுக்குள்ள கும்பிட்டாச்சா சார்?" என்றான் பையன்.

என் நிலைமையைப் பார். அந்த இடத்தில் டிரைபாடை ஊன்றினால் ஒரு தெய்வத்தின்மேல் காலை வைத்தது போலாகும். சாமி இல்லை, என் சுண்ணாம்பு என்று சொன்னால், அந்த அம்மாவின் நம்பிக்கையில் மண்ணள்ளிப் போட்டது போலாகும். மருமகன் கடலில் என்ன ஆனாரோ என்று தவித்த நாளில் அவருக்குப் பிடிப்பாக இருந்தது அது ஒன்றுதான். அதைப் போய் நான் எப்படிக் கலைப்பேன்.

ஒரு கை தூரம் தள்ளி நின்று எடுக்கலாமா என்று யோசித்தேன். பாறை விளிம்பு கொஞ்சம் இடம் மாறும். பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. அதையும் செய்ய மனம் வரவில்லை. பரிமளாவுக்கு, இருபதாவது படம் அமையவில்லை, புத்தகத்தை விட்டுவிடலாம் என்று எழுதி வைத்திருக்கிறேன். இன்னும் அனுப்பவில்லை. ஒரு வகையில் இது நல்லதுக்குத்தான் என்று தோன்றுகிறது. பங்குனியில் அங்கு வர எந்தத் தடையும் இருக்காது. லென்ஸ்களைத் துடைத்துப் பெட்டியில் வைக்க ஆரம்பித்துவிட்டேன்.

உன்,
குமரப்பன்


சிவமயம்

பெங்களூரு
24.1.2026

அன்புள்ள கணேஷ் அப்பச்சிக்கு விசாலி எழுதுவது.

பரிமளாவுக்கு எழுதியதைக் கிழித்துப் போடுங்கள். இதை முதலில் செய்துவிட்டு மேலே படியுங்கள்.

கிழித்தாகிவிட்டதா? நான் சிரித்த சிரிப்பைக் கேட்டு அபிராமி அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள். "என்ன அத்தே, மாமா ஜோக்கெல்லாம் எழுதுறாங்களா?" என்றாள். உன் மாமா வருசத்துக்கு ஒரு தடவை ஊருக்குத் தெரியாமல் போய் ஒரு சாமியை உண்டாக்கி வைத்திருக்கிறார் என்றேன். அவளும் கடிதத்தை வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு அவள் சிரிக்கவில்லை. "இந்தப் படம் வந்தே ஆகணும் அத்தே" என்றாள். உங்கள் மருமகளை நீங்கள் சாதாரணமாக நினைக்க வேண்டாம்.

உங்கள் சுண்ணாம்பு என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் வருடம் நீங்கள் சாக்பீஸ் கொண்டு போனீர்கள். பாறையில் அது பிடிக்கவில்லை, அழிந்து அழிந்து போனது. நான்தான் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, விரலால் சுண்ணாம்பைத் தொட்டு, மூன்று காலடியிலும் வைத்தேன். வருடா வருடம் நீங்கள் செய்தது அதைப் பார்த்துச் செய்தது. ஆகவே அந்தச் சாமி விஷயத்தில் என்னையும் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

என் முடிவு இது. ஒரு கை தள்ளி நின்று எடுக்கக்கூடாது. பார்க்கிறவர்களுக்குத் தெரியாதுதான். உங்களுக்குத் தெரியும். புத்தகத்தைத் திறக்கும்போதெல்லாம் அந்த ஒரு படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். நீங்கள் புலம்பினால் கேட்கப் பக்கத்தில் நானும் இல்லை. நேராக அந்த உண்ணாமலையிடம் போய் உள்ளதைச் சொல்லுங்கள். அவள் திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். நாற்பத்தாறு வருடம் என்னிடம் வாங்கிய ஆளுக்கு அது ஒன்றும் பெரிதில்லை.

உங்களைப் பற்றி ஒன்று சொல்கிறேன், வெட்கப்படாமல் படியுங்கள். காய்ந்த கண்மாய் என்று நீங்கள் ஒரு வருடம்கூடப் போகாமல் இருந்ததில்லை. தண்ணீர் இல்லாததை எடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று நானே கேட்டிருக்கிறேன். "இருக்கிறதத்தானே எடுக்கணும்" என்றீர்கள். அப்போது எனக்கு அது பைத்தியம் மாதிரி இருந்தது. இங்கே வந்து உட்கார்ந்து பார்க்கும்போது அப்படித் தோன்றவில்லை. பெருமையாக இருக்கிறது. இதை நேரில் சொல்லியிருக்க மாட்டேன்.

தை முடிவதற்குள் போங்கள்.

விசாலி

லென்ஸ்களைப் பெட்டியிலிருந்து வெளியே எடுங்கள்.


திருமயம்
2.2.2026

அன்புள்ள விசாலிக்கு,

நேற்று தைப்பூசத்தன்று போய்விட்டு வந்தேன். இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக உனக்கு எழுதுகிறேன்.

சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி, பஸ்ஸில் போகும்போது நாலைந்து தடவை படித்துக்கொண்டேன். பாறைக்குக் கீழே இறங்கியதும் தாள் எந்தப் பையில் இருக்கிறது என்று தெரியவில்லை. அதற்குள் ஒரு அம்மா மேலேயிருந்து கூப்பிட்டுவிட்டார். சிவப்புக் கண்டாங்கிச் சேலை, தோளில் ஒரு துண்டு, கையில் கரண்டி. அவர்தான் உண்ணாமலை.

"வாங்க, வாங்க. அன்னைக்கு வந்துட்டு அப்பிடியே திரும்பிப் போயிட்டீங்கள்ல. கேமராவ வெளியவே எடுக்கல. ஒடம்புக்கு என்னமோன்னு நெனச்சு எனக்குப் பொங்கலே எறங்கல."

நான் பாதி தூரம் ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு, "அம்மா, உங்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்தப் பொட்டு, இந்தச் சுண்ணாம்பு, இது நான்..." என்று இழுத்தேன்.

"நீங்க வச்சதுதான். பின்ன யாரு வச்சா?" என்றார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் ஆட்டோக்காரப் பையன் சொன்னதைச் சொன்னேன்.

"அவன் இலுப்பூருக்காரப் பய. தானா எழும்புச்சு, தங்கமா மின்னுச்சுன்னுதான் கத கட்டுவான், அவனுக்குச் சவாரி ஓடணும்ல. வருசா வருசம் தையில நீங்க வந்து குனிஞ்சு குனிஞ்சு பொட்டு வைக்கிறத இந்தக் கம்மாக்கரையில பாக்காத ஆளு யாரு? மொத வருசம் ஒங்க வீட்டம்மா கொட புடிச்சிக்கிட்டு நின்னாகளே, அதுவே எனக்கு ஞாபகம் இருக்கு. நான் அந்தா அங்கிட்டு ஆடு மேச்சிக்கிட்டிருந்தேன்."

தெரிந்தும் ஏன் விளக்கு ஏற்றினீர்கள் என்று கேட்டேன். அவர் கரண்டியைப் பானைமேல் வைத்துவிட்டுச் சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன், ஒரு வார்த்தையும் மாற்றவில்லை.

"நீங்க எங்கிருந்தோ பஸ் ஏறி வாரீங்க. யார்ட்டயும் ஒத்த வார்த்த பேசுறதில்ல. ஒரே எடத்துல நின்னு கம்மாயவே பாக்குறீங்க. தண்ணி கெடக்குற வருசமும் வாரீங்க, காஞ்சு வெடிச்சுக் கெடக்கையிலயும் வாரீங்க. எங்க ஊரு ஆளுக காஞ்ச கம்மாயத் திரும்பிப் பாக்க மாட்டாக. ஒரு மனுசன் இப்பிடி நிக்கிற எடத்துல ஒண்ணுமில்லாமயா இருக்கும்? நாகராச புடிச்சிட்டுப் போனாகன்னு சேதி வந்த அன்னைக்கு எனக்கு எங்க போறதுன்னே தெரியல. காலு இங்கதான் வந்துச்சு. நீங்க நிக்கிற எடத்துல நின்னு பாத்தேன். கம்மா காஞ்சுதான் கெடந்துச்சு. ஆனா மறுபடி நெறையும்னு தெரிஞ்சுச்சு. அம்புட்டுத்தான்."

உனக்குத் தெரியும், அந்த மாதிரி நேரத்தில் நான் என்ன சொல்வேன் என்று. "சரி" என்றேன்.

"என்ன சரி? செருப்பக் கழட்டிட்டு ஏறுங்க. வெயிலு ஏறுதுல்ல" என்றார். டிரைபாடின் மூன்று கால்களையும் செம்புத் தண்ணீரால் கழுவினார். ஒவ்வொரு காலிலும் குங்குமம் வைத்தார். அகலை மட்டும் கொஞ்சம் நகர்த்திவிட்டு, "இப்ப வைங்க" என்றார். மூன்று கால்களையும் மூன்று பொட்டின்மேல் ஊன்றினேன். இதுவரை எத்தனையோ தடவை ஊன்றியிருக்கிறேன். வெறுங்காலோடு நின்று ஊன்றியது நேற்றுத்தான்.

கண்மாயில் இந்த வருடம் நல்ல தண்ணீர். கேமராவில் கண்ணை வைத்துப் பார்த்தபோது, கீழ் விளிம்பில் நிழல்கள் விழுந்திருந்தன. திரும்பிப் பார்த்தேன். பொங்கல் வைக்க வந்தவர்கள் எல்லோரும் எனக்குப் பின்னால் வந்து நின்று, கண்மாயைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். காலை வெயில் முதுகுப் பக்கம். தலைகளின் நிழல் வரிசையாக முன்னால் நீண்டு கிடந்தது. முதல் வருடம் உன் குடை நிழல் விழுந்த அதே மூலையில் உண்ணாமலையம்மாளின் நிழல்.

நகர்ந்துகொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லத் தோன்றவில்லை. அப்படியே எடுத்தேன்.

படத்தைப் பரிமளாவுக்கு நேற்றே அனுப்பிவிட்டேன். மாலையில் கூப்பிட்டார். "படம் பிரமாதம் சார். அந்த நிழலையும் முதல் படத்துக் குடை நிழலையும் மட்டும் எடுத்துரட்டுமா?" என்றார். வேண்டாம், இரண்டும் இருக்கட்டும், இரண்டும் படத்தைச் சேர்ந்தவை என்றேன். போனில் இவ்வளவு நீளமாக நான் பேசியதை நீ கேட்டிருக்க வேண்டும். பெயர் அட்டையில் வருமா என்றும் கேட்டேன். வரும் என்றார். எழுத்து அளவைக் கேட்க வாய் வரவில்லை. அதை நீ கேட்டுக்கொள்.

இனி எழுதப்போவது கஷ்டமான விஷயம். புறப்படும்போது உண்ணாமலையம்மாள், "அடுத்த தைக்கும் வந்துருங்க. பொட்டு யாரு வைக்கிறது?" என்றார். நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்லவில்லை. சொன்ன பிறகு பஸ்ஸில் யோசித்துப் பார்த்தேன். அது வாய் தவறி வந்த வார்த்தை இல்லை.

விசாலி, எனக்கு அங்கு வந்து குடியிருக்க விருப்பமில்லை. பிள்ளைகள்மேல் குறை ஒன்றுமில்லை. இலுப்பை பூத்தது, மேகம் வந்தது என்று நான் சொன்னதெல்லாம் சாக்குகள் இல்லை. அவைதான் என் காரணங்கள். இந்த மாவட்டத்தை நான் இன்னும் பார்த்து முடிக்கவில்லை. நீ இல்லாமல் இந்த வீடு நன்றாக இல்லை என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்து என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. இதைப் போனில் சொல்லியிருக்க மாட்டேன். நீ கோபப்பட்டாலும் பதில் எழுது.

உன்,
குமரப்பன்


சிவமயம்

பெங்களூரு
8.2.2026

அன்புள்ள கணேஷ் அப்பச்சிக்கு விசாலி எழுதுவது.

கடிதத்தைத் தபால் பெட்டியிலிருந்து எடுத்ததும் லிஃப்டிலேயே படித்தேன். ஏழாவது மாடி வந்து, கதவு திறந்து, மூடி, மறுபடி கீழே போய்விட்டது. டாக்டரம்மா, "என்னாச்சு, கண்ணெல்லாம் கலங்கியிருக்கு?" என்றார்கள். எங்க வீட்டுக்காரர் எழுதியிருக்கார் என்றேன். அவர்கள் ஏதோ கெட்ட செய்தி என்று நினைத்துக் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

ராத்திரி எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். கணேஷ் முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். அப்பச்சிக்குத் தனியே உடம்புக்கு ஏதாவது வந்தால் யார் பார்ப்பது என்றான். நான் பார்ப்பேன் என்றேன். அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அபிராமிக்கு உடனே புரிந்துவிட்டது. "பாப்பா ஜூன்ல பெரிய ஸ்கூலுக்குப் போறா. சாயங்காலம் நான் பாத்துக்கிறேன் அத்தே. நீங்க கெளம்புங்க" என்றாள். பள்ளிக்கூட லீவுக்கெல்லாம் பேத்தியை அங்கு அனுப்ப வேண்டும் என்று நானும் ஒரு நிபந்தனை போட்டேன்.

நான் கோபப்படுவேன் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு எது வேண்டும் என்று நீங்கள் வாய் திறந்து சொல்லி நான் கேட்டதே இல்லை. பெண் பார்க்க வந்த அன்றுகூட உங்கள் அப்பச்சிதான் சம்மதம் சொன்னார். நீங்கள் தலையை ஆட்டினீர்கள். இத்தனை வருடத்தில் இப்போதுதான் ஒன்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குக் கோபப்படுவேனா?

பங்குனி பிறந்ததும் வருகிறேன். நீங்கள் செய்ய வேண்டியவை: என் வெள்ளிச் சாமான் அலமாரியில் நீங்கள் அடுக்கியிருக்கும் ஃபிலிம் டப்பாக்களை எடுத்துவிட வேண்டும். சாப்பாட்டுக்காரம்மாவிடம் புளியைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம், வந்து நான் சொல்லிக்கொள்கிறேன். உண்ணாமலையிடம், குடை பிடித்தவள் வருகிறாள் என்று தகவல் சொல்ல வேண்டும். எனக்கு அவளைப் பார்க்க வேண்டும். அடுத்த தையில் மூன்று பொட்டையும் நான்தான் வைப்பேன்.

வெற்றிலைப் பெட்டியைத் தேடி எடுத்தேன். இங்கு வந்ததிலிருந்து திறக்கவே இல்லை. லிஃப்டில் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள் என்று விட்டுவிட்டேன். சுண்ணாம்பு காய்ந்து கல்லாகிக் கிடக்கிறது. அது இனி ஒட்டாது என்று நீங்கள் கெமிஸ்ட்ரியில் காரணம் சொல்வீர்கள். புதிதாக வாங்கி வையுங்கள்.

இதற்குப் பக்கம் பக்கமாகப் பதில் எழுத வேண்டாம். உங்கள் பழைய பதிலே போதும்.

விசாலி


திருமயம்
13.2.2026

அன்புள்ள விசாலிக்கு,

சரி.

சுண்ணாம்பு வாங்கி வைத்துவிட்டேன்.

உன்,
குமரப்பன்